சுந்தரர் கேட்ட மற்றைக் கண்

"வயசாயிடுச்சு தம்பி, இனிமே அகக்கண் இருந்தா போதும்." கடலூரில் நான் கண் பரிசோதிக்கும் இடத்துக்கு மகள் இழுத்து வந்த ஒரு பாட்டி சொன்னது இது. தைப்பூசத்துக்குத் தவறாமல் வடலூர் போகிறவர். அங்கே வள்ளலாரின் ஞான சபையில் ஏழு திரையும் விலகும்போது ஜோதி தெரிகிறதா என்று கேட்டேன். "எங்க தெரியுது? எல்லாரும் கும்பிடறப்ப நானும் கும்பிட்டுக்குவேன்." டார்ச் அடித்துப் பார்த்தால் இரண்டு கண்ணிலும் புரை முற்றிப் பால்போல வெளுத்திருந்தது.

வடலூர்த் திரைகள் மாயையைக் குறிப்பவை. பாட்டியின் கண்ணில் மறைத்தது மங்கிப்போன லென்ஸ். அதை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைக்கலாம். ரொம்ப முற்றவிட்டால் கண்ணில் அழுத்தம் ஏறி வலியும் சேர்ந்துகொள்ளும்.

பார்வை போனால் ஞானம் வரும், இல்லையென்றால் பார்வை போனது செய்த பாவம். இரண்டில் ஒன்றைச் சொல்லிப் பெரியவர்களை வீட்டில் உட்கார வைத்துவிடுகிறோம். பாவக் கணக்குக்குத் தேவாரம் பாடிய சுந்தரர் கதையையும் இழுப்பார்கள். சரி, அதையே முழுதாகப் பார்ப்போம். பண்ருட்டிக்கு மேற்கே திருநாவலூரில் பிறந்தவர். மனைவி சங்கிலியாருக்குச் செய்த சத்தியத்தை மீறித் திருவொற்றியூரை விட்டுக் கிளம்பியதும் இரு கண்ணும் போயின. கண் கேட்டதற்குத் திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல்தான் கிடைத்தது. காஞ்சியில் இடக்கண் வந்தது. இது போதும் என்று அவர் இருந்துவிடவில்லை. திருவாரூர் போய், "மற்றைக் கண்தான் தாரா தொழிந்தால் வாழ்ந்து போதீரே" என்று சாமியிடமே சண்டை பிடித்தார். நீர் நல்லா இரும் என்கிற கோபம் அது! அப்புறம்தான் வலக்கண்.

நம் ஆட்களோ ஒரு கண்ணில் ஆபரேஷன் முடிந்ததும் நின்றுவிடுகிறார்கள். பேப்பர் படிக்க முடிகிறதே என்பார்கள். ஆனால் ஒரு கண் தெளிவாகவும் இன்னொன்று மங்கலாகவும் இருந்தால் தூரம் சரியாகப் பிடிபடாது. படி இறங்கும்போது கால் தவறும். இரண்டாவது கண்ணுக்கு எப்போது என்று டாக்டரிடம் நீங்களே கேளுங்கள்.

புரையில் மங்கிய பார்வை பெரும்பாலும் திரும்பிவிடும். கண் நீர் அழுத்த நோயில் (கிளாக்கோமா) போனது திரும்பாது. இருப்பதைத்தான் காப்பாற்ற முடியும். இந்த நோய் பெரும்பாலும் வலிக்காமலே ஓரப் பார்வையைத் தின்றுகொண்டு வரும். அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்களில் யாருக்காவது அது இருந்தால், 40 வயதுக்கு மேல் கண் நன்றாகத் தெரிந்தாலும் போய்க் கண் அழுத்தத்தையும் கண்ணுக்குப் பின்னால் இருக்கும் பார்வை நரம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.