பொருந்தாத ஆளைத் தேடிப் போகும் ஆராய்ச்சி

எம்.எட். ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கும் ஆசிரியை ஒருவர் கேட்டிருந்தார்: “நான் 12 மாணவர்களிடம் நேர்காணல் எடுத்திருக்கிறேன். உடன் படிப்பவர்கள் 500 பேருக்குக் கேள்வித்தாள் கொடுத்து, கணினியில் ஏற்றி, அட்டவணை அட்டவணையாக எடுக்கிறார்கள். ‘நாலு பேரிடம் கதை கேட்டுவிட்டு வந்தால் அது ஆராய்ச்சியா?’ என்று என்னைக் கிண்டல் செய்கிறார்கள். வைவாவிலும் (ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்விலும்) இதையே கேட்டால் என்ன சொல்வது?”

நியாயமான கேள்விதான். கிண்டல் செய்பவர்கள் பக்கமும் பாதி நியாயம் இருக்கிறது. பண்புசார் ஆய்வு என்ற பெயரில் வருகிற ஆய்வேடுகளில் நிறைய, உண்மையிலேயே கதை கேட்டுவிட்டு வந்தவைதான். ஆனால் ஒழுங்காகச் செய்தால் அந்த முறைக்குள் ஒரு கண்டிப்பு இருக்கிறது. ஆளின் எண்ணிக்கையில் அதைத் தேடினால் கிடைக்காது.

அடிப்படையை வேகமாகக் கடந்துவிடலாம். எத்தனை பேர், எவ்வளவு, எது கூட, எது குறைவு என்பதற்கெல்லாம் அளவுசார் ஆய்வு. எப்படி நடக்கிறது, ஏன் அப்படிச் செய்கிறார்கள், செய்கிறவருக்கு அது என்னவாகப் படுகிறது என்பதற்குப் பண்புசார் ஆய்வு. படிப்பை நிறுத்தியவர்கள் எத்தனை சதவீதம் என்று கணக்கெடுப்பு சொல்லிவிடும். நிறுத்துவது என்று முடிவான அந்த வாரம் வீட்டில் என்ன பேச்சு நடந்தது என்பது எந்தக் கட்டத்திலும் டிக் அடித்து வராது. அதற்கு உட்கார்ந்து பேச வேண்டும். வகுப்பின் கடைசி வரிசையில் மாதக்கணக்கில் இருந்து பார்க்க வேண்டும். குழுவாகப் பேசவிட்டுக் கேட்க வேண்டும். நோட்டுகளையும் பதிவேடுகளையும் புரட்ட வேண்டும்.

அப்புறம் பதிவு செய்ததை எழுத்தாக்க வேண்டும். ஒரு மணி நேரப் பேச்சைச் சொல் விடாமல் எழுத நாலைந்து மணி நேரம் சாதாரணமாகப் போய்விடும். எழுதியதை வரி வரியாகப் படித்து, ஒவ்வொரு துண்டுக்கும் பக்கத்தில் ஒரு குறிச்சொல் போடுவார்கள். “கை தூக்கலாம்னு நினைப்பேன், தப்பா இருந்தா எல்லாரும் சிரிப்பாங்க” என்று ஒரு மாணவர் சொன்னால், ‘சக மாணவர் சிரிப்பு’ என்று ஒரு குறி. இதைத்தான் கோடிங் என்கிறார்கள். ஒரே குறி விழுந்த துண்டுகளை எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இவை உண்மையிலேயே ஒன்றுதானா, எதில் வேறுபடுகின்றன என்று ஒப்பிட்டுக்கொண்டே போக வேண்டும். அமெரிக்கச் சமூகவியலாளர்கள் பார்னி கிளேசரும் ஆன்செல்ம் ஸ்ட்ராஸும் மருத்துவமனைகளில் இறக்கும் நிலையில் உள்ள நோயாளிகளைச் சுற்றி என்ன நடக்கிறது என்று ஆராய்ந்தபோது இந்த இடைவிடாத ஒப்பீட்டை ஒரு முறையாக வடித்தார்கள். 1967-இல் அதை விரிவாக எழுதினார்கள். குறிச்சொற்கள் சேர்ந்து கருப்பொருளாகும், கருப்பொருள்கள் சேர்ந்து ஒரு விளக்கமாகும். பாடநூல்கள் பெரும்பாலும் இந்த இடத்தோடு நிறுத்திவிடும்.

ஆபத்தே இந்த இடத்தில்தான் இருக்கிறது. மனிதர்களின் பேச்சு அவ்வளவு வளமானது. நீங்கள் எதை நிரூபிக்க நினைத்தாலும் அதற்கு ஏற்ற மேற்கோள் 12 நேர்காணல்களில் எங்காவது கிடைத்துவிடும். ஜோசியம் இத்தனை ஆயிரம் வருஷமாகப் பிழைத்திருப்பது இந்த ஒரே உத்தியில்தான்: பலித்ததை எல்லாம் சொல்லிச் சொல்லிக் காட்டுவது, பலிக்காததற்குப் பிறந்த நேரம் தப்பு என்று தள்ளிவிடுவது. பொருந்துகிற மேற்கோள்களை மட்டும் பொறுக்கி அடுக்கிய ஆய்வேட்டுக்கும் அதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, பின்னால் எத்தனை பக்கம் நூற்பட்டியல் இருந்தாலும் சரி.

இதற்கு மாற்று, உங்கள் விளக்கத்துக்குப் பொருந்தாத ஆளை நீங்களே தேடிப் போவது. கிடைத்தால் அவரை விதிவிலக்கு என்று ஓரங்கட்டக் கூடாது. விளக்கத்தைத்தான் மாற்ற வேண்டும். இந்த வழிக்குப் பகுப்பாய்வுத் தொகுத்தறிதல் என்று பெயர். 1934-இல் சமூகவியலாளர் ஃப்ளோரியன் ஸ்னானியெட்ஸ்கி இதை முன்வைத்தார். பெயர் பயமுறுத்தும். நடந்த கதையைப் பார்த்தால் எளிதாகப் புரியும்.

டொனால்ட் கிரெஸி என்ற குற்றவியலாளரின் வேலை எனக்கு ரொம்பப் பிடித்தது. நம்பிக்கைக்குரிய பதவியில் இருக்கும் ஒருவர், அதுவரை நேர்மையாக இருந்தவர், ஏன் கையாடல் செய்கிறார்? இதுதான் அவருடைய கேள்வி. இல்லினாய், கலிஃபோர்னியா, இந்தியானா மாநிலங்களில் உள்ள சிறைகளில் இருந்த 133 பேரிடம் பேசினார். 1953-இல் நூலாக வந்தது. முதலில் அவர் செய்த காரியமே அழகு. ‘கையாடல் வழக்கில் தண்டனை பெற்றவர்கள்’ என்ற பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. ஏமாற்றும் நோக்கத்தோடே வேலைக்குச் சேர்ந்தவர்களும் அதில் கலந்திருந்தார்கள். உண்மையான கையாடல்காரர்கள் சிலர் வேறு சட்டப்பிரிவில் உள்ளே இருந்தார்கள். அதனால் நல்ல எண்ணத்தோடு பொறுப்பை ஏற்று, பிறகு அந்த நம்பிக்கையை மீறியவர்கள் மட்டும் என்று தானே வரையறுத்துக்கொண்டார்.

முதல் கருதுகோள்: ‘இந்தத் தொழிலில் இதெல்லாம் சகஜம், பெரிய குற்றமில்லை’ என்று தொழில் சூழலில் கற்றுக்கொள்பவர்கள் மீறுகிறார்கள். பேச ஆரம்பித்ததும் அது உடைந்தது. தப்பு, சட்ட விரோதம் என்று முதல் நாளிலிருந்தே தெரியும் என்றார்கள் சிலர்.

சரி, அவசரப் பணத்தேவை வந்து, வேறு வழி இல்லாமல் எடுக்கிறார்களா? இதுவும் நிற்கவில்லை. அவசரம் எதுவும் இல்லாமலே எடுத்தவர்கள் இருந்தார்கள். அதைவிடச் சுவாரசியமாக, இதைக் காட்டிலும் பெரிய நெருக்கடி முன்பு வந்தபோது பெட்டியைத் தொடாதவர்களும் இருந்தார்கள். அடுத்தது, வெளியில் சொல்லிக்கொள்ள முடியாத கடன்கள் காரணமா? சூதாட்டக் கடன் மாதிரி. இதுவும் சிலருக்குப் பொருந்தியது. கடனே இல்லாமல் எடுத்தவர்களுக்குப் பொருந்தவில்லை. ஆகவே ‘கடன்’ என்பதை எடுத்துவிட்டு ‘யாரிடமும் பகிர முடியாத சிக்கல்’ என்று விரித்தார். தொழிலில் தோற்றது, கௌரவத்தைக் காப்பாற்ற வேண்டியது, முதலாளி மேல் உள்ளூரப் புகைந்த கோபம், எல்லாம் இதற்குள் அடங்கும். அப்போதும் சிலர் மிஞ்சினார்கள். அப்படிப்பட்ட சிக்கலை நெடுநாள் வைத்துக்கொண்டே கை வைக்காமல் இருந்து, பிறகு ஒரு நாள் கை வைத்தவர்கள்.

அந்த இடைவெளியில் என்ன மாறியது? இந்தக் கேள்விதான் கடைசிப் பூட்டைத் திறந்தது. சிக்கல் மட்டும் போதாது. தன் பதவியைப் பயன்படுத்தி அதைக் கமுக்கமாகத் தீர்த்துவிடலாம் என்பது உறைக்க வேண்டும். அதோடு, ‘நான் நம்பிக்கையானவன்’ என்ற தன் பிம்பம் உடையாமல் அந்தப் பணத்தை எடுக்க உதவும் ஒரு வாக்கியம் மனசுக்குள் தயாராக இருக்க வேண்டும். “கடனாகத்தான் எடுக்கிறேன், திருப்பி வைத்துவிடுவேன்.” மூன்றும் சேர்ந்தால்தான் கையாடல். இந்த வடிவத்தைத் தன் நேர்காணல்கள் எல்லாவற்றிலும், தன் ஆசிரியர் எட்வின் சதர்லேண்ட் சேர்த்து வைத்திருந்த சுமார் 200 வழக்குகளிலும் வைத்துச் சோதித்தார். பிற்காலத்தில் தணிக்கைத் துறையில் ‘மோசடி முக்கோணம்’ என்று சொல்லிக்கொடுக்கப்படும் அழுத்தம், வாய்ப்பு, நியாயப்படுத்தல் என்ற மூன்றும் இந்த வேலையிலிருந்து கிளைத்தவை.

இந்த முறைக்கு ஒரு கடுமையான எதிர்ப்பும் உண்டு. 1951-இல் சமூகவியலாளர் டபிள்யூ. எஸ். ராபின்சன் கேட்டார்: விளைவு நடந்த ஆட்களை மட்டும் பார்த்தால், அதற்கு எது தேவை என்று சொல்லலாம், அது இருந்தாலே விளைவு வந்துவிடும் என்று எப்படிச் சொல்வீர்கள்? அதே சிக்கல், அதே வாய்ப்பு, அதே சமாதானம் இருந்தும் பணத்தைத் தொடாதவர் சிறையில் இருக்க மாட்டாரே? சரியான அடி. ஆனால் மேலே சொன்னதை மறுபடி பாருங்கள். கிரெஸி கைதிகளிடம் அவர்கள் எடுக்காத காலத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறார். அதே ஆள், அதே நாற்காலி, முன்பும் ஒரு நெருக்கடி, அன்று ஏன் எடுக்கவில்லை? ஒரே மனிதரின் வாழ்க்கைக்குள்ளேயே ஒப்பீட்டுக் குழு கிடைத்துவிடுகிறது! ராபின்சனின் கேள்விக்கு இது முழுப் பதில் ஆகாது. ஆனாலும் இந்த உத்தியை முதலில் புரிந்துகொண்டபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் இன்னும் குறையவில்லை.

இதை வகுப்பறைக்குக் கொண்டுவருவோம். உதாரணத்துக்காக, மாணவர்கள் வகுப்பில் ஏன் சந்தேகம் கேட்பதில்லை என்று நீங்கள் ஆராய்வதாக வைத்துக்கொள்வோம். முதல் ஐந்து பேரும் ஆசிரியர் திட்டுவார் என்கிறார்கள். அருமை, ‘ஆசிரியர் பயம்’ என்று அத்தியாயத் தலைப்பே தயார். ஆறாவதாக ஒரு பெண். அதே ஆசிரியரிடம் வராந்தாவில் நின்று பத்து நிமிஷம் சந்தேகம் கேட்கிறாள், வகுப்பில் மட்டும் வாய் திறப்பதில்லை. ஆக, சிக்கல் ஆசிரியர் என்ற ஆளிடம் மட்டும் இல்லை. பார்க்கிற கண்களிடமும் இருக்கிறது. ‘சக மாணவர் முன் அவமானம்’ என்று மாற்றுகிறீர்கள். எட்டாவதாக ஒரு பையன். அதே சக மாணவர்கள் சூழ்ந்திருக்கும் ஆய்வகத்தில் கேள்வியாய்க் கேட்டுத் தள்ளுகிறான், வகுப்பில் ஊமை. இப்போது ஆளை விட்டுவிட்டு, இரண்டு இடத்திலும் பேச்சு எப்படி நடக்கிறது என்று பார்க்கத் தோன்றும். மொழியியலாளர்கள் ஜான் சின்க்ளேரும் மால்கம் கூல்த்தார்டும் 1975-இல் வகுப்பறைப் பேச்சைப் பகுத்து ஒரு மூன்றடி அமைப்பைக் காட்டியிருந்தார்கள்: ஆசிரியர் தொடங்குவார், மாணவர் பதில் தருவார், ஆசிரியர் அதற்கு எதிர்வினை காட்டுவார். பெரும்பாலும் அந்த எதிர்வினை ஒரு மதிப்பீடு. இந்த அமைப்பில் மாணவர் கேள்வி கேட்க இடமே காலியாக இல்லை! ஆய்வகத்தில் கருவி முன்னால் இருக்கிறது, பேச்சு அந்த மூன்றடியில் ஓடுவதில்லை. ஐந்து பேர் ஒரே மாதிரி சொன்னதிலிருந்து கிடைத்ததைவிட, பொருந்தாத இரண்டு பேரிடமிருந்து கிடைத்தது அதிகம்.

இனி எண்ணிக்கை. 12 போதுமா? இதைக் கிரெக் கெஸ்டும் இரு சக ஆய்வாளர்களும் சோதித்தே பார்த்தார்கள், 2006-இல் வெளிவந்தது. கானாவிலும் நைஜீரியாவிலும் 60 பெண்களிடம் எடுத்த நேர்காணல்கள் கையில் இருந்தன. ஆறு ஆறாகப் பகுத்து, ஒவ்வொரு ஆறிலும் புதிய குறிச்சொல் எத்தனை வருகிறது என்று எண்ணினார்கள். கானாவின் 30 நேர்காணல்களில் மொத்தம் 109 குறிகள். முதல் ஆறிலேயே 80 வந்துவிட்டன. அடுத்த ஆறில் இன்னும் 20. பன்னிரண்டோடு 92 சதவீதம் முடிந்தது. இனிப் பேசினாலும் புதிதாக ஒன்றும் வராது என்ற இந்த நிலையைத்தான் செறிவுநிலை என்கிறோம். ஆய்வேடுகளில் 12 என்ற எண் இவ்வளவு அடிபடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். அந்தப் பெண்கள் ஓரளவு ஒரே மாதிரியான பின்னணி உள்ளவர்கள், எல்லாரிடமும் ஒரே கேள்விகள் கேட்கப்பட்டன. மோனிக் ஹெனிங்க் குழு 2017-இல் இன்னொரு படி போனது. 25 நேர்காணல்களை எடுத்துப் பார்த்ததில் குறிகள் ஒன்பதிலேயே செறிந்துவிட்டன. ஒவ்வொரு குறியின் முழு அர்த்தமும் பிடிபட 16 முதல் 24 வரை போக வேண்டியிருந்தது. ‘பயம்’ என்று பெயர் வைக்க ஒன்பது பேர் போதும், எத்தனை வகைப் பயம் என்று தெரிய இன்னும் ஆட்கள் வேண்டும். உங்கள் மாணவர்களில் கிராமம் நகரம், ஆண் பெண், முதல் தலைமுறை என்று பல வகை கலந்திருந்தால் 12 போதவே போதாது. இன்னொன்று: “12 பேரில் 8 பேர், அதாவது 67 சதவீதம்” என்று தயவுசெய்து எழுதாதீர்கள். அந்த ஆட்களைச் சதவீதம் சொல்வதற்காக நீங்கள் தேர்ந்தெடுக்கவில்லை.

ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கும் குழுக்கள் மேல் எனக்குக் கோபம் வருவதும் இந்த இடத்தில்தான். எத்தனை பேர் என்று விண்ணப்பத்திலேயே எழுதச் சொல்கிறார்கள். பொருந்தாத ஆள் எப்போது வருவார் என்று விண்ணப்பம் எழுதும்போது யாருக்குத் தெரியும்? எழுத்தாக்கும் கூலிக்குப் பணம் ஒதுக்குவதில்லை, திரும்பிப் போய் இரண்டாம் முறை பேசுவதற்குக் காலம் ஒதுக்குவதில்லை. பேசுவதுதானே, செலவு என்ன என்று நினைக்கிறார்கள். இப்போது கோடிங்கை மென்பொருளிடமே விட்டுவிடலாம் என்ற பேச்சு வேறு. என்விவோ, அட்லஸ் போன்றவை குறிகளை அடுக்கி வைக்க நல்ல அலமாரிகள், அதில் மறுப்பில்லை. செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகளிடம் நேர்காணலைக் கொடுத்தால் ஐந்து அழகான கருப்பொருள்கள் நொடியில் வரும். என் அச்சம், அந்த வழவழப்பில் முதலில் காணாமல் போகிறவர் அந்த எட்டாவது பையனாகத்தான் இருப்பார் என்பது.

ஆகவே அந்த ஆசிரியைக்கு: வைவாவுக்கு முன் இரண்டு காரியம் செய்யுங்கள். உங்கள் விளக்கம் உண்மையாக இருந்தால் இருக்கவே கூடாத மாணவர் யார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அப்படிப்பட்டவர் இப்போது அந்தப் பள்ளியிலேயே இல்லாமல் போயிருக்கலாம், வகுப்பறைக்கு வெளியிலும் தேடுங்கள். இரண்டாவது, நீங்கள் கைவிட்ட விளக்கங்களை அழிக்காமல், எந்த நேர்காணல் எதை உடைத்தது என்று வரிசையாக ஆய்வு முறை அத்தியாயத்தில் எழுதுங்கள். பக்கம் கூடுகிறது என்று நெறியாளர் சொன்னால் பின்னிணைப்பில் போடுங்கள்.