பிரையன் வில்சனைப் பேச வைத்த கார் பயணம்

பேட்டிகளில் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லி எழுந்துவிடுபவர் என்று பெயர் வாங்கியவர் பிரையன் வில்சன். பீச் பாய்ஸ் என்ற அமெரிக்க இசைக்குழுவுக்கு இசையமைத்தவர். கேமராவையும் விளக்குகளையும் கண்டாலே அவர் முகம் இறுகிவிடும். 2021-இல் வெளிவந்த ‘லாங் ப்ராமிஸ்டு ரோடு’ ஆவணப்படத்தில் அதே மனிதர் எழுபது வயதுக்கு மேல் பேசுகிறார், பயமாக இருக்கிறது என்று சொல்கிறார், அழுகிறார். இயக்குநர் பிரென்ட் வில்சன் (பெயர் ஒற்றுமைதான், உறவில்லை) செய்தது இவ்வளவுதான்: பிரையனுக்குப் பல வருடப் பழக்கமுள்ள பத்திரிகையாளர் ஜேசன் ஃபைனிடம் காரை ஓட்டச் சொல்லி, பிரையனைப் பக்கத்தில் உட்கார வைத்தார். இருவரும் லாஸ் ஏஞ்சலஸில் சுற்றுகிறார்கள். நடுவில் சாப்பாடு, கேட்ட பாட்டு, நீண்ட மௌனங்கள்.

மனநல மருத்துவராக அந்த மௌனங்களைத்தான் நான் கவனித்தேன். பிரையனுக்கு இருந்தது ஸ்கிசோஅஃபெக்டிவ் என்ற நோய். மனச்சிதைவின் அறிகுறிகளும், மனநிலை அளவுமீறி ஏறி இறங்குவதும் சேர்ந்து வருவது. இருபதுகளில் தொடங்கிய, காதுக்குள் மிரட்டும் குரல்கள் முதுமை வரை அவரை விடவில்லை. இப்படிப்பட்டவரிடம் ஒரு கேள்வி கேட்கும்போது அவர் காதில் விழுவது உங்கள் குரல் மட்டுமல்ல. அதைப் பிரித்தெடுத்துப் பதில் சொல்ல நேரம் பிடிக்கும். எதிரில் உட்கார்ந்து கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தால் இன்னும் சிரமம். காரில் இருவரும் சாலையைப் பார்க்கிறார்கள், பதில் வராவிட்டாலும் வண்டி ஓடுகிறது. பிரையன் பாட்டு போடச் சொல்கிறாரே, அதுவும் பொழுதுபோக்குக்காக மட்டும் இருக்காது. பாட்டு கேட்பதும் வாய்க்குள் முனகுவதும் சிலருக்குக் குரல்களின் வேகத்தைத் தணிக்கும். மேடையில் குரல்கள் வந்தால் சத்தமாகப் பாடிச் சமாளிப்பதாகப் பிரையனே சொல்லியிருக்கிறார்.

மறைந்த தம்பி கார்லின் பழைய வீட்டுக்கு முன் கார் நிற்கிறது. பிரையன் இறங்கவில்லை. ஜேசன் வற்புறுத்தவும் இல்லை, அவருக்காகத் தான் பேசவும் இல்லை.

என் அறைக்கு வரும் குடும்பங்களில் நான் அதிகம் பார்ப்பது இதற்கு நேர்மாறு. “தூக்கம் எப்படிப்பா இருக்கு?” என்று பையனைப் பார்த்துக் கேட்பேன். “எங்க டாக்டர், விடிய விடிய முழிச்சுக்கிட்டு இருக்கான்” என்பார் அம்மா. பசி, குளியல், வேலை எல்லாவற்றுக்கும் அம்மாவே பதில். பாசம்தான், சந்தேகமில்லை. ஆனால் அவன் வாயிலிருந்து வந்தால்தான் தெரியும் சில விஷயங்கள் இருக்கின்றன. முக்கியமாக, குரல் என்ன சொல்கிறது, எதையாவது செய்யச் சொல்லிக் கட்டளையிடுகிறதா என்பது. அதனால் சற்று நேரம் அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிடுவேன்.

ஒருவருக்காக இன்னொருவர் பேசுவது எதுவரை போகும் என்பதற்கும் பிரையன் வாழ்க்கையிலேயே சாட்சி இருக்கிறது. யூஜின் லாண்டி என்ற உளவியலாளர் எழுபதுகளில் வந்து போனார், எண்பதுகளின் தொடக்கத்தில் திரும்பி வந்தார். இருபத்துநான்கு மணி நேரச் சிகிச்சை என்று பெயர். என்ன சாப்பிடுவது, யாரைப் பார்ப்பது, யாரிடம் போனில் பேசுவது, எல்லாம் லாண்டி வைத்ததுதான் சட்டம். எடை குறைந்தது, போதை நின்றது; அவர்தான் உயிரைக் காப்பாற்றினார் என்று பிரையனே பிறகு சொன்னதும் உண்டு. ஆனால் சிகிச்சை தர வந்தவர் வியாபாரக் கூட்டாளி ஆனார், 1988-இல் வந்த தனி ஆல்பத்தில் பாடலாசிரியராகவும் பெயர் போட்டுக்கொண்டார். மருந்துகளும் அளவுமீறிப் போயின. 1989-இல் லாண்டி தொழில் உரிமத்தை ஒப்படைக்க நேர்ந்தது. 1992-இல் பிரையனை அவர் நெருங்கக் கூடாதென்று நீதிமன்றம் தடுத்தது. நோயாளியோடு தொழில் கூட்டு வைக்கும் எந்தச் சிகிச்சையாளரையும் நம்பாதீர்கள், எவ்வளவு கைராசிக்காரராக இருந்தாலும்.

நம் வீடுகளில் நடப்பது இதன் சின்ன வடிவம்: ரசத்தில் மாத்திரையைக் கலந்து கொடுப்பது. நல்லெண்ணம்தான். ஆனால் தனக்கு விஷம் வைக்கிறார்கள் என்று ஏற்கெனவே பயப்படுபவருக்கு அது தெரிந்துவிட்டால், அடுத்து சாப்பாட்டையே தொடமாட்டார். மாத்திரை வேண்டாம் என்று சொன்னால் என்னிடம் அழைத்து வாருங்கள். உடல் நடுக்கமா, பகலெல்லாம் தூக்கமா, காரணத்தைக் கேட்டு மருந்தை மாற்ற முடியும். அதுபோல “குரலெல்லாம் ஒண்ணுமில்ல, உன் கற்பனை” என்று வாதாடவும் வேண்டாம். “எனக்குக் கேக்கலப்பா, ஆனா உனக்குக் கேக்குதுன்னு புரியுது” என்றால் பேச்சு தொடரும்.

2024 ஜனவரியில் மனைவி மெலிண்டா இறந்தபின், மறதி நோயும் சேர்ந்திருந்த பிரையனுக்குப் பாதுகாவலர்களை நீதிமன்றம் நியமித்தது. 2025 ஜூனில், 82 வயதில் அவர் இறந்தார்.

நமக்கு 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. நோய் முற்றித் தானாக முடிவெடுக்க இயலாத நேரத்தில் தன் சார்பில் யார் பேச வேண்டும் என்பதை வயதுவந்த எவரும் முன்கூட்டியே குறிப்பிடலாம். வெள்ளைத் தாளில் எழுதி, கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் போதும்; அந்த நபரும் சம்மதிக்க வேண்டும். மருத்துவரிடம் போகத் தயங்குபவர்கள் முதலில் டெலி-மானஸ் என்ற அரசின் மனநல ஆலோசனைச் சேவையின் இலவச எண் 14416-இல் பேசலாம், தமிழிலேயே.