ட்ரோபோனின் கூடினால் இதயம்தானா?

குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுகிற ஒருவருக்குக் குத்தவைத்து எழ முடியவில்லை, தலைவாரக் கை உயரவில்லை, பேருந்துப் படி மலையாகத் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். வலி பெரிதாக இல்லாததால் வேலை அலுப்பென்று எண்ணெய் தேய்த்தே மாதங்கள் ஓடிவிடும். இரண்டு தோளும் இடுப்பும் ஒருசேரத் தளர்ந்தால் தசை அழற்சி நோயைச் சந்தேகிக்க வேண்டும். பாலிமயோசைட்டிஸ், டெர்மட்டோமயோசைட்டிஸ் ஆகியவை இவ்வகை. நோயெதிர்ப்பு அணுக்கள் சொந்தத் தசையையே தாக்குகின்றன. இரண்டாவதில் இமையிலும் விரல் கணுக்களிலும் தடிப்பு வரும். நம் நிறத்தில் அது சிவப்பாகத் தெரியாமல் கருந்திட்டாகவே படும்.

இதயமும் தசைதான், சிலருக்கு அதுவும் தப்புவதில்லை. ஆனால் பாதிப்பு பெரும்பாலும் வெளியே தெரியாது. நடந்தால்தானே மூச்சிரைக்கும்? நடக்கவே தெம்பில்லாதவரின் இதயம் தளர்ந்திருப்பதை யார் கவனிப்பார்கள்? இரைத்தாலும் பழி நுரையீரல்மேல் போகலாம். இந்நோயில் அதுவும் கெடுவதுண்டு.

ரத்தப் பரிசோதனையிலும் ஒரு சிக்கல். சிதைந்த கைகால் தசை மீண்டும் வளரும்போது, கருவில் இருந்த காலத்துப் புரதங்களைத் திரும்ப உற்பத்தி செய்கிறது. அதனால் இதயச் சேதத்தைக் கண்டறிய ரத்தத்தில் அளக்கும் புரதங்களான சி.கே.எம்.பி.யும் ட்ரோபோனின் டி-யும், இதயம் நன்றாக இருக்கும்போதுகூட எகிறும். மாரடைப்பென்று பயந்து ஆஞ்சியோ வரை போகிறவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள். ட்ரோபோனின் ஐ பெரும்பாலும் இதயத்துக்கே உரியது. எனவே டி கூடி ஐ சரியாக இருந்தால் கைகால் தசையைப் பாருங்கள். இரண்டும் கூடினால் இதயத்தைத் தேடுங்கள். எந்த ட்ரோபோனின் என்று ரிப்போர்ட்டில் பார்க்காமல் அளவை மட்டும் பார்ப்பது வீண்.

அடுத்து இ.சி.ஜி., எக்கோ. அழற்சி இதயத்தின் மின்பாதையைத் தொட்டால் துடிப்பு தடைபடும். மயக்கம், படபடப்பு இருந்தால் துடிப்பை 24 மணிநேரமும் பதிவு செய்யும் ஹோல்டர் கருவி வேண்டும். எக்கோ சரியென்றாலும் சந்தேகம் தீராவிட்டால் இதய எம்.ஆர்.ஐ. காடோலினியம் என்ற சாயமருந்தைச் செலுத்திச் சுமார் 10 நிமிடம் கழித்துப் பார்த்தால் தழும்பு வெளுத்துத் தெரியும். ரத்தக்குழாய் அடைப்பின் தழும்பு இதயத்தின் உள்சுவரில் தொடங்கும். அழற்சியின் தழும்பு பெரும்பாலும் நடுவிலோ வெளிப்புறத்திலோ இருக்கும்.

சிகிச்சை ஸ்டீராய்டில் தொடங்கும். வழக்கமாக நாளொன்றுக்கு, எடையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் வரை. கூடவே நோயெதிர்ப்பை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் அல்லது அசாதியோப்ரின். தெம்பு வந்ததும் ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தக்கூடாது, ஆபத்து. அது உப்பையும் நீரையும் உடலில் தேக்கும்; தளர்ந்த இதயத்துக்கு அந்தச் சுமை ஆகாது. குளச்சல் கருவாட்டை விடுவது நம்மவர்களுக்குக் கஷ்டம்தான், ஆனாலும் இந்த மாதங்களில் அது தட்டில் வரவே கூடாது. கால் வீங்கினாலோ, ஓரிரு நாளில் எடை 2 கிலோ ஏறினாலோ அடுத்த தேதிவரை காத்திருக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.