அமெரிக்காவில் இயன்முறை சிகிச்சை உரிமம்: புறப்படுவதற்கு முன் சேர்த்து வைக்க வேண்டியவை

"அண்ணா, பி.பி.டி. முடிச்சு ஆறு வருஷம் ஆச்சு, ரெண்டு ஆஸ்பத்திரியில வேலை பார்த்த சர்டிஃபிகேட் இருக்கு, அமெரிக்க லைசென்ஸ் பரீட்சைக்கு எந்தப் புத்தகம் படிக்கணும்?" என்று, இயன்முறை சிகிச்சை (பிசியோதெரபி) இளங்கலைப் பட்டமான பி.பி.டி. முடித்தவர்களில் மாதத்துக்கு ஒருவராவது தொலைபேசியில் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: நீங்கள் படித்த ஆண்டுகளில் நடைமுறையில் இருந்த பாடத்திட்டமும், உள்ளிருப்புப் பயிற்சிக் காலத்து லாக்புக்கும் கையில் இருக்கின்றனவா? பெரும்பாலும் மறுமுனையில் சற்று நேரம் பேச்சே இருக்காது. பரீட்சை அந்தப் பயணத்தின் நடுப்பகுதியில்தான் வருகிறது என்பதும், அதற்கு முந்தைய காகிதக் கட்டத்திலேயே பலர் ஓரிரு ஆண்டுகளை இழந்துவிடுகிறார்கள் என்பதும் தமிழ்நாட்டில் படித்து அதே வழியில் வந்த எனக்கும் தாமதமாகத்தான் புரிந்தது.

அமெரிக்காவில் நாடு முழுவதற்குமான ஒரே உரிமம் என்று எதுவும் கிடையாது. ஒவ்வொரு மாநிலத்தின் உரிம வாரியமும் தனித்தனியாக உரிமம் வழங்குகிறது; அந்த வாரியங்கள் சேர்ந்த கூட்டமைப்பான எஃப்.எஸ்.பி.பி.டி., என்.பி.டி.இ. என்ற தேசியத் தேர்வை நடத்துகிறது. வெளிநாட்டில் படித்தவர்கள் அந்தத் தேர்வுக்குள் நுழைவதற்கு முன், தங்கள் படிப்பு அமெரிக்கப் படிப்புக்குக் கணிசமான அளவில் இணையானது என்று சான்று பெற வேண்டும். எஃப்.சி.சி.பி.டி. போன்ற மதிப்பீட்டு அமைப்புகளுக்கு இங்குதான் வேலை வருகிறது. எந்த மாநிலம் எந்த அமைப்பின் அறிக்கையை ஏற்கும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும் ஆகையால், மாநிலத்தை முடிவு செய்யாமல் விண்ணப்பத்துக்குப் பணம் கட்டுவது, எந்த ஊருக்கு என்று சொல்லாமல் பேருந்துச் சீட்டு கேட்பதைப் போன்றது.

மதிப்பீட்டில் நடப்பது பட்டத்தின் பெயரை ஒப்பிடுவதல்ல. நீங்கள் படித்த ஒவ்வொரு பாடத்துக்கும் எத்தனை மணி நேர வகுப்பு, எத்தனை மணி நேர ஆய்வகம், எத்தனை மணி நேர மருத்துவமனைப் பயிற்சி என்று பிரித்து, அதை அமெரிக்கக் கல்லூரிகளின் அலகு (கிரெடிட்) கணக்குக்கு மாற்றி, கூட்டமைப்பு வகுத்த ஒரு பட்டியலோடு வரிவரியாக ஒட்டிப் பார்ப்பார்கள். அந்தப் பட்டியலுக்குப் பல பதிப்புகள் உண்டு; நீங்கள் பட்டம் பெற்ற ஆண்டைப் பொறுத்துப் பதிப்பு மாறும். 2016 முதல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற படிப்புகள் அனைத்தும் டி.பி.டி. என்ற முனைவர் நிலைத் தொழிற்பட்டத்தையே வழங்க வேண்டும் என்றானது. அதனால் பட்டியல் புதிதாகப் புதிதாக, நம்முடைய நான்கரை ஆண்டுப் படிப்பு அதன் எல்லாக் கட்டங்களையும் நிரப்புவது கடினமாகிக்கொண்டே வந்திருக்கிறது.

குறை வரும் இடங்கள் இரண்டு வகை. முதலாவது நம்மவர்களுக்கு வேடிக்கையாகவே தோன்றும். அமெரிக்க மாணவர் பெரும்பாலும் நான்கு ஆண்டு இளங்கலை முடித்த பிறகே டி.பி.டி.யில் சேர்கிறார், ஆங்கிலக் கட்டுரை, வரலாறு, சமூகவியல், கணிதம் எல்லாம் அந்த இளங்கலையில் வந்துவிடுகின்றன. நாமோ பிளஸ் டூ முடித்த கையோடு உடற்கூறியலுக்குள் நுழைந்துவிடுகிறோம். ஆகவே தசையும் நரம்பும் தலைகீழாகத் தெரிந்த ஒருவரின் அறிக்கையில், பொதுக்கல்வியில் இத்தனை அலகு குறைகிறது என்று எழுதி வருகிறது. இதை மனத்தாங்கலாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. சி.எல்.இ.பி. எனப்படும் கல்லூரி நிலைத் தேர்வுகளை எழுதியோ, அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் இணையவழியில் சில பாடங்களைப் படித்தோ இந்தக் குறையைத் தீர்த்துவிடலாம்.

இரண்டாவது வகை தொழிற்பாடங்களில் வருகிறது. இதுதான் யோசிக்க வேண்டியது. அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் ஏதேனும் ஓர் அளவில் மருத்துவரின் பரிந்துரைச் சீட்டு இல்லாமலே நோயாளி நேரடியாக இயன்முறை சிகிச்சையாளரிடம் வரலாம். அப்படியானால் இடுப்புவலி என்று வந்து உட்காருபவருக்கு உண்மையில் இருப்பது தசைப்பிடிப்பா, வயிற்றுப் பெருந்தமனியின் வீக்கமா, தண்டுவடத்தின் கீழ்முனை நரம்புக்கற்றை அழுத்தமா என்று முதலில் சந்தேகப்பட வேண்டியவர் சிகிச்சையாளரே. சிறுநீர் கட்டுப்பாடு போய்விட்டதா, இருக்கையில் படும் பகுதி மரத்திருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளைக் கேட்காமல் விட்டவருக்கு அங்கே மன்னிப்பு இல்லை. நான் படித்த காலத்தில் நமது வகுப்புகளில் ஐ.எஃப்.டி., அல்ட்ராசவுண்ட், ஷார்ட்வேவ் டையதெர்மி, மெழுகு ஒத்தடம் ஆகிய கருவி, வெப்பச் சிகிச்சை முறைகளுக்குச் செலவான நேரம் அதிகம். நோயாளியை யாரிடம் உடனே அனுப்ப வேண்டும் என்று கண்டறியும் பாடத்துக்குத் தனித் தலைப்பே இல்லை. அதை வார்டில் மூத்தவர்களிடம் கற்றுக்கொண்டோம் என்பது உண்மைதான். ஆனால் காகிதத்தில் இல்லாததை மதிப்பீட்டாளர் எண்ணமாட்டார்.

காகிதம் என்றதும் என் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆறு மாத உள்ளிருப்புப் பயிற்சியை நான் முழுமையாக முடித்திருந்தேன். ஆனால் மதிப்பெண் பட்டியல் நான்காம் ஆண்டுத் தேர்வோடு நின்றுவிட்டது. பயிற்சி முடித்ததற்கான சான்றிதழிலும் தொடங்கிய தேதியும் முடிந்த தேதியும் தவிர வேறெதுவும் இல்லை. எலும்பியல் பிரிவில் எத்தனை மணி நேரம், நரம்பியலில் எத்தனை, தீவிர சிகிச்சைப் பிரிவில் எத்தனை என்று கேட்டபோது, கல்லூரி அலுவலகத்தில் அந்தப் பதிவேட்டைத் தேடி எடுக்க ஏழு மாதம் ஆயிற்று. என் பேராசிரியர் ஓய்வு பெற்றிருந்தார். மருத்துவமனை வேறு நிர்வாகத்தின் கைக்குப் போயிருந்தது. ஆவணங்கள் விண்ணப்பதாரர் கைவழியே போகக் கூடாது, கல்வி நிறுவனமே நேரடியாக அனுப்ப வேண்டும் என்பது விதி என்பதால், நான் செய்யக்கூடியது ஊருக்கு வரும்போதெல்லாம் அந்த அலுவலக வாசலில் நிற்பது மட்டுமாக இருந்தது. படிக்கும்போதே பிரிவுவாரியாக மணிக்கணக்கு எழுதி, அந்தந்தத் துறைத்தலைவரிடம் கையொப்பமும் முத்திரையும் வாங்கியிருந்தால் அது ஒரு வாரத்து வேலையாக முடிந்திருக்கும்.

இதோடு நம் ஊருக்கே உரிய தலைப்பெழுத்துச் சிக்கல் ஒன்றும் உண்டு. மதிப்பெண் பட்டியலில் பெயருக்கு முன்னால் ஓரெழுத்து, கடவுச்சீட்டில் தந்தை பெயர் முழுவதுமாகக் குடும்பப்பெயர் இடத்தில், ஆங்கிலத் தேர்வுச் சான்றில் இன்னொரு வரிசை என்று மூன்று விதமாக இருந்தால் மூவரும் ஒருவரே என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. தேர்வு மையத்தில் அடையாள அட்டையும் பதிவுப் பெயரும் பொருந்தாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். முதல் படிவத்தை நிரப்பும் முன்பே கடவுச்சீட்டில் உள்ள பெயருக்கு மற்ற எல்லாவற்றையும் இணங்கச் செய்துவிடுவது நல்லது.

தேர்வைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மதிப்பெண் 200 முதல் 800 வரையான அளவில் கணக்கிடப்படுகிறது; 600 பெற்றால் தேர்ச்சி. 12 மாதங்களில் 3 முறை, வாழ்நாளில் 6 முறை மட்டுமே எழுதலாம். 400 அல்லது அதற்கும் கீழான மதிப்பெண்ணை இரண்டு முறை வாங்கியவருக்கு மறுவாய்ப்பு இல்லை. "சும்மா ஒரு தடவை எழுதிப் பார்ப்போம்" என்று யாரும் உட்காரக் கூடாது என்பதற்கு இந்தக் கடைசி விதியே போதும்.

ஆனால் 2010ஆம் ஆண்டை மறக்காமல் சொல்லியாக வேண்டும். தேர்வில் வந்த கேள்விகளை நினைவிலிருந்து எழுதித் தொகுத்துப் பகிரும் பழக்கம் பரவியதையடுத்து, அந்த ஆண்டு ஜூலையில் இந்தியா, எகிப்து, பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ் ஆகிய 4 நாடுகளில் படித்தவர்கள் தேர்வு எழுதுவதையே கூட்டமைப்பு நிறுத்தி வைத்தது. ஒரு கேள்வியைக்கூடப் பார்க்காத, பகிராத பலரும் அதில் மாட்டிக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு அந்த நாடுகளின் பட்டதாரிகளுக்கென்று தனித் தேர்வு ஒன்றை வைத்தார்கள். பின்னர்தான் எல்லோருக்கும் மீண்டும் ஒரே தேர்வு என்ற நிலை திரும்பியது. இன்றும் "போன முறை வந்த கேள்விகள்" என்று வாட்ஸ்அப் குழுக்களில் விலை பேசுபவர்கள் இருக்கிறார்கள். அதை வாங்குவதும் அனுப்புவதும் மனப்பாடம் செய்து வந்து சொல்வதும் தேர்வு ஒப்பந்தத்தை மீறுவதாகும். பிடிபட்டால் மதிப்பெண் ரத்தாகலாம், உரிமமும் போகலாம்.

உரிமமும் விசாவும் ஒன்றல்ல என்பதையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். 1996ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின்படி வெளிநாட்டுச் சுகாதாரப் பணியாளர்கள் தனியாக ஒரு தகுதிச் சான்றும் பெற வேண்டும்; கல்வி, ஆங்கிலத் திறன் இரண்டும் அதில் பார்க்கப்படும். மாநில வாரியம் ஏற்றுக்கொண்ட அறிக்கையே இதற்கும் போதும் என்று எண்ணி நின்றுவிடாதீர்கள். செவிலியர்களைப் போலவே இயன்முறை சிகிச்சையாளர்களையும் தட்டுப்பாடுள்ள தொழிலினராக அமெரிக்கத் தொழிலாளர் துறை அட்டவணைப்படுத்தியிருப்பதால், நிரந்தர வசிப்புரிமைக்கான (கிரீன் கார்டு) வழியில் ஒரு படி குறைகிறது. ஆனால் இந்தியாவில் பிறந்தவர்களுக்கான வரிசை மிக நீளமானது என்பதை முகவர்கள் சொல்லமாட்டார்கள். இவை தவிர மாநிலத்துக்கு மாநிலம் கூடுதல் நிபந்தனைகளும் உண்டு: கலிபோர்னியாவில் வெளிநாட்டுப் பட்டதாரி 9 மாதம் மேற்பார்வையின் கீழ்ப் பணியாற்ற வேண்டும், அந்த மாநிலச் சட்டத்தைப் பற்றிய தேர்வையும் எழுத வேண்டும்.

மற்ற நாடுகள் வேறு கதவுகளை வைத்திருக்கின்றன. பிரிட்டனில் நுழைவுத் தேர்வு கிடையாது; எச்.சி.பி.சி. என்ற சுகாதாரத் தொழிலினர் பதிவு அமைப்பு உங்கள் படிப்பையும் அனுபவத்தையும் தன் தகுதித் தரங்களோடு ஒப்பிட்டு முடிவெடுக்கிறது. ஐ.இ.எல்.டி.எஸ். மூலம் ஆங்கிலத் திறனைக் காட்டுவோருக்கு மொத்தம் 7, எந்தப் பிரிவிலும் 6.5க்குக் குறையாமல் தேவை. பதிவு கிடைக்கும் வரை பிசியோதெரபிஸ்ட் என்ற பெயரைப் பயன்படுத்துவதே அங்கு குற்றம் என்பதால், நம்மவர்கள் பலர் அதுவரை உதவியாளராக வேலை பார்க்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் எழுத்துத் தேர்வுக்குப் பிறகு சிகிச்சைத் திறனைச் சோதிக்கும் செய்முறை மதிப்பீடும் வைக்கிறார்கள். கனடாவில் நீண்ட காலம் இருந்த செய்முறைத் தேர்வு 2022 ஜனவரியில் கைவிடப்பட்டது. அதன் பின் நடைமுறை மாறிக்கொண்டே வருவதால் இரண்டு வருடத்துக்கு முன் போன நண்பர் சொன்னதைக்கூட அப்படியே நம்பாதீர்கள். வளைகுடா நாடுகளில் சான்றிதழ் சரிபார்ப்பும் கணினித் தேர்வும் ஒப்பீட்டளவில் விரைவாக முடிகின்றன என்பதால் பலர் அங்கே முதலில் போகிறார்கள், அதில் தவறில்லை. ஆனால் அங்கே வேலை செய்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் நன்னடத்தைச் சான்று பின்னாளில் கேட்கப்படும். அதை அந்த நாட்டை விட்டுப் புறப்படும் முன்பே வாங்கிக்கொண்டவர்களை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

இப்போது மூன்றாம் ஆண்டில் இருக்கும் மாணவர்கள் இதைப் படித்தால், வெளிநாடு போகும் எண்ணம் இல்லாதவர்களும்கூட, தங்கள் ஆண்டின் பாடத்திட்ட நகலில் கல்லூரி முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளட்டும். அடுத்த திட்டம் வந்த பிறகு பழையது யாரிடமும் இருப்பதில்லை.