காண்டாக்ட் ஹிட்டர்: சொல்லும் அதற்குள் இருக்கும் கணக்கும்

மட்டையை வீசினால் பந்து படாமல் போவது அரிது என்ற அளவுக்குக் கண்ணும் கையும் ஒத்துழைக்கும் பேஸ்பால் ஆட்டக்காரரைக் காண்டாக்ட் ஹிட்டர் என்பார்கள். களத்தின் வேலிக்கு வெளியே பறக்கும் அடியான ஹோம் ரன் வந்தால் வரவு. ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக் வாங்கி அவுட்) ஆகாமல் பந்தைக் களத்துக்குள் செலுத்துவதே அவர் வேலை. பேஸ்பாலின் உச்ச நிலையான மேஜர் லீகில் அண்மைக்காலமாக மட்டை பிடிக்க வரும் 100 முறைகளில் 22, 23 முறை ஸ்ட்ரைக்அவுட்டில் முடிகிறது. பத்துக்கு அருகிலேயே நிற்பவருக்கு இந்தப் பெயரைத் தயங்காமல் கொடுக்கலாம்.

காண்டாக்ட் என்பதன் வேர் இலத்தீன். ‘கான்’ என்றால் சேர்ந்து, ‘டாங்கெரே’ என்றால் தொடுவது. ஆங்கிலத்துக்கு 17ஆம் நூற்றாண்டில் வந்தபோது இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று தொடுவதையே அது குறித்தது. ஆளோடு ஆள் தொடர்பு என்ற பொருள் பிறகு வந்தது. பேஸ்பாலில் இருப்பது பழைய பொருள். பால்டிமோர் அணியின் வில்லி கீலர் 1897இல் தொடர்ந்து 44 ஆட்டங்களில் ஹிட் (பந்தை அடித்துப் பாதுகாப்பாக பேஸை எட்டுவது) எடுத்தவர். குள்ளமானவர், மட்டையின் கைப்பிடியில் கையை நன்றாக மேலேற்றிப் பிடித்து, ஆள் நிற்காத இடமாகப் பார்த்துத் தட்டிவிடுவார். இந்த வகை ஆட்டத்துக்கு இன்றும் முதலில் சொல்லப்படும் பெயர் அவருடையதுதான்.

தமிழில் ‘தொடர்பு அடிப்பவர்’ என்று எழுதினால் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை செய்பவர் என்றுதான் தோன்றும். இங்கே வேண்டியது ‘தொடு’ என்ற வினை. தொடுதிரை என்று வழங்குகிறோம். அதே வார்ப்பில் ‘தொடுமட்டையாளர்’ என்பது பொருந்துகிறது. ஈழத்து வழக்கில் மட்டை துடுப்பு என்பதால், அங்கே தொடுதுடுப்பாளர் எனலாம். வீசிய மட்டையில் பந்து பட்ட விகிதத்தைத் தொடுவீதம் என்று சொல்லிவிடலாம். செய்தியில் முதல் முறை வரும்போது மட்டும் ‘பந்தைத் தவறவிடாத’ என்று ஓர் அடைமொழி சேர்த்தால் புதிய வாசகர் தடுமாற மாட்டார். பேஸ்களை ஒட்டி நிற்கும் இன்ஃபீல்டர் என்பதற்கு உட்கள ஆட்டக்காரர் போதும்.

சொல் ‘தொடுவது’ பற்றி மட்டும் பேசுகிறது. எவ்வளவு பலமாகத் தொடுகிறார் என்பதைச் சொல்வதில்லை. மேஜர் லீகுக்குக் கீழுள்ள மைனர் லீகில் இருக்கும் ஒரு தொடுமட்டையாளர் மேலே போவாரா என்ற கேள்வி முழுக்க அங்கேதான் கிடக்கிறது. ஒரு பருவத்தில் 550 முறை மட்டை பிடிக்கிறார், அதில் 50 வாக் (நான்கு தவறான பந்து வந்ததால் அடிக்காமலே முதல் பேஸுக்குப் போவது) என்று வைத்துக்கொள்வோம்; சராசரிக் கணக்கில் வாக் சேராது. மிச்சம் 500. ஸ்ட்ரைக்அவுட் 50 மட்டும் என்றால் 450 பந்துகள் களத்துக்குள் போகும். களத்துக்குள் போகும் பந்தில் ஏறத்தாழ 30 சதவீதம் ஹிட் ஆவது வழக்கம். 135 ஹிட்; அதை 500ஆல் வகுத்தால் சராசரி 0.270. ஸ்ட்ரைக்அவுட் 130 என்றால் 370 பந்துகள், 111 ஹிட், 0.222. தொடுவதால் மட்டும் 24 ஹிட் லாபம். ஆனால் அடி மெத்தென்று இருந்து 26 சதவீதமே ஹிட் ஆனால், அந்த 450 பந்திலும் 117தான் வரும். லாபம் ஆறாகச் சுருங்கிவிடும். 130 முறை ஸ்ட்ரைக்அவுட் ஆகிறவர் கூடவே 20 ஹோம் ரன்னும் அடிப்பவராக இருந்தால், அணி யாரை வைத்துக்கொள்ளும் என்று கேட்க வேண்டியதில்லை.

ஆகவே சராசரியைப் பார்த்து மயங்கக் கூடாது. மட்டையிலிருந்து பந்து கிளம்பும் வேகத்தைப் பாருங்கள்; மணிக்கு 95 மைலோ அதற்கு மேலோ இருப்பதைத்தான் பலமான அடி என்று கணக்கில் எடுக்கிறார்கள். அடுத்தது, ஸ்ட்ரைக் எல்லைக்கு வெளியே போகும் பந்தைத் துரத்துகிறாரா என்பது. தொடுமட்டையாளரின் பெரிய பலவீனமே இதுதான்: எதையும் தொட முடியும் என்பதால் தொடக் கூடாததையும் தொடுவார். கீழ் நிலைகளில் அது ஹிட்டாகிவிடும். மேஜர் லீகுக்கு இரண்டு படி கீழே இருக்கும் டபுள்-ஏ நிலையில் வளைந்து விழும் பந்தை நினைத்த இடத்தில் போடத் தெரிந்தவர்கள் அதிகம். அதே பந்து, இரண்டாம் மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் கைக்கு மெல்ல உருண்டு போகும். மேஜர் லீகுக்கு ஒரு படி கீழான டிரிபிள்-ஏயில் ரினோ, அல்புகர்க்கி போன்ற உயரமான ஊர்களில் எடுத்த எண்களை ஒரு பிடி குறைத்தே எடுத்துக்கொள்ள வேண்டும்; மெல்லிய காற்றில் பந்து தானாகவே தூரம் போகும்.

இரண்டு உதாரணங்கள். நிக் மாட்ரிகல், புதிய ஆட்டக்காரர்களை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் 2018 டிராஃப்டில் நான்காவதாக எடுக்கப்பட்ட இரண்டாம் பேஸ் ஆட்டக்காரர். 2019இல் மைனர் லீகில் மூன்று நிலைகளைக் கடந்து 532 முறை மட்டை பிடித்து 16 முறை மட்டுமே ஸ்ட்ரைக்அவுட் ஆனார். ஹோம் ரன் நான்கு. மேஜர் லீகிலும் பந்தைத் தொட்டுக்கொண்டேதான் இருந்தார். பலம் வரவில்லை, காயங்கள் வந்தன, நிலையான இடம் கிடைக்கவில்லை. வெனிசுவேலாவின் லூயிஸ் அராயஸுக்கும் பலம் குறைவுதான். ஆனால் உட்களத்துக்கும் வெளிக்களத்துக்கும் நடுவே பந்தை நேர்கோட்டில் போட்டுவிடும் கை அவருடையது. 2022, 2023, 2024 மூன்று ஆண்டும், மூன்று வெவ்வேறு அணிகளுக்காக, லீகில் அதிக சராசரிக்கான பேட்டிங் பட்டம் வென்றார்; 2024இல் 200 ஹிட், 29 ஸ்ட்ரைக்அவுட். அவரை அளவுகோலாக வைத்து மற்றவர்களை எடை போடுவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம் என்பேன்.

எங்கே நிற்கிறார் என்பதும் மட்டைக்குச் சமமான விஷயம். மேஜர் லீக் அணியின் 26 பேர் பட்டியலில் பந்து வீசுவோர் 13 பேர் வரை இருக்கலாம். பெரும்பாலும் அத்தனை பேரையும் வைத்துக்கொள்கிறார்கள். மிச்சம் 13இல் ஒன்பது பேர் தொடக்க ஆட்டக்காரர்கள், ஒருவர் மாற்று கேட்சர். பெஞ்சில் மூன்றே இடம். அதில் ஒன்று ஷார்ட்ஸ்டாப்பிலும் நிற்கத் தெரிந்தவருக்குத்தான் போகும். இரண்டாம் பேஸ் மட்டுமே தெரிந்த, பலமில்லாத தொடுமட்டையாளர் தொடக்க ஆட்டக்காரராக ஆக வேண்டும், இல்லாவிட்டால் டிரிபிள்-ஏயிலேயே ஆண்டுகள் ஓடும்.

கடிகாரமும் ஓடிக்கொண்டிருக்கும். 18 வயதிலோ அதற்கு முன்போ ஒப்பந்தமானவரை ஐந்து பருவங்களுக்குள்ளும், 19 வயதிலோ அதற்குப் பிறகோ ஒப்பந்தமானவரை நான்கு பருவங்களுக்குள்ளும் அணி தன் 40 பேர் பட்டியலில் (அந்த 26 பேரும் இதற்குள் அடக்கம்) சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் டிசம்பரில் நடக்கும் ரூல் 5 டிராஃப்டில் வேறு அணி 1,00,000 டாலர் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். எடுத்த அணி அடுத்த பருவம் முழுவதும் அவரை மேஜர் லீக் பட்டியலிலேயே வைத்திருக்க வேண்டும். முடியாவிட்டால் பழைய அணிக்குத் திருப்பித் தர முன்வர வேண்டும். 40 பேர் பட்டியலில் ஏறியவரை மூன்று ‘ஆப்ஷன்’ ஆண்டுகள் வரை மேஜர் லீகுக்கும் மைனர் லீகுக்குமாக மேலும் கீழும் அனுப்பலாம். அது தீர்ந்தபின் கீழே அனுப்ப நினைத்தால், முதலில் மற்ற 29 அணிகளும் அவரை வேண்டாம் என்று விட்டிருக்க வேண்டும்.