வரவேற்பு மெயிலில் 'ஃபேட் கேட்ஸ்' வேண்டாம்

போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி போனில் அழுதாள். வேலையில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. லண்டனிலிருந்து வாடிக்கையாளர் நிறுவனத்தின் இயக்குநர்கள் வருகிறார்கள், வரவேற்பு மெயில் எழுது என்று சொல்லியிருக்கிறார்கள். வி.ஐ.பி. என்பதற்குப் பதிலாக என்னென்ன சொல்லலாம் என்று ஏதோ ஒரு வீடியோவில் பார்த்ததை நம்பி, 'உங்கள் நிறுவனத்தின் பிக்விக்ஸ், ஃபேட் கேட்ஸ் அனைவரையும் வரவேற்கிறோம்' என்று ஆங்கிலத்தில் எழுதி அனுப்பிவிட்டாள். மேலாளர் எல்லார் முன்னாலும் திட்டியிருக்கிறார். அலுவலக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் எனக்கு இந்த வருடம் மட்டும் இது நான்காவது அழுகை.

அவள் எழுதியதில் இலக்கணப் பிழை இல்லை. அகராதியும் 'முக்கியமானவர்' என்றுதான் பொருள் சொல்கிறது. அங்கேதான் எல்லாரும் விழுகிறார்கள். பொருள் ஒன்றாக இருந்தால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போடலாம் என்ற நம்பிக்கை, எத்தனை வகுப்பில் சொன்னாலும் போகமாட்டேன் என்கிறது. நம் மொழியிலேயே பாருங்கள். சிறப்பு விருந்தினர், பெரும்புள்ளி, பெரிய தலை, பண முதலை, எல்லாமே செல்வாக்குள்ளவரைக் குறிப்பவைதான். கல்யாணப் பத்திரிகையில் 'பண முதலை திரு. இன்னார் முன்னிலையில்' என்று அச்சடிப்பீர்களா? ஃபேட் கேட் என்பது அதுதான். 1920களில் அமெரிக்காவில், அரசியலுக்குப் பணம் கொட்டிய செல்வந்தர்களைக் குறித்து வந்த சொல். இன்று ஆட்களை வேலையைவிட்டு அனுப்பிவிட்டுத் தான் மட்டும் பெரிய போனஸ் வாங்கும் அதிகாரியைப் பத்திரிகைகள் இப்படித் திட்டுகின்றன.

பிக்விக் அந்த அளவுக்கு மோசமில்லை. 1660க்குப் பிறகு இங்கிலாந்தில் பொய்முடி வைப்பது நாகரிகமானது. முடி பெரிதாக இருந்தால் விலையும் அதிகம், வைத்திருப்பவரும் பெரிய ஆள். அந்தப் பெரிய பொய்முடியைச் சுட்டிப் பிறந்த சொல்லில் கொஞ்சம் கிண்டல் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. பிக் ஷாட்டும் அப்படித்தான். 'தன்னைப் பெரிய பிக் ஷாட்னு நினைப்பு' என்று நாமே தமிழில் சொல்கிறோமே, அதே எரிச்சல் ஆங்கிலத்திலும் உண்டு. தலைமைப் பொறுப்பில் இருப்பவரைச் சொல்லும் ஹெட் ஹான்ச்சோவை ஸ்பானியச் சொல் என்று வகுப்பில் பலர் நினைக்கிறார்கள். ஜப்பானிய மொழியில் 'ஹான்ச்சோ' என்றால் குழுத் தலைவர். இரண்டாம் உலகப் போரை ஒட்டி அமெரிக்கப் படைவீரர்கள் வாயில் ஏறிய சொல் அது. நண்பர்களுக்குள் சொல்லலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது மாண்டரின். பிரிட்டனில் மூத்த அரசு அதிகாரிகளைப் பத்திரிகைகள் இப்படி அழைக்கும். சமஸ்கிருத 'மந்திரின்' மலாய் மொழியில் 'மெந்தெரி' ஆகி, போர்ச்சுகீசியர் வாய்வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. நம் மந்திரிதான். ஆனாலும் அந்த அதிகாரியின் முகத்துக்கு நேரே சொல்லிவிடாதீர்கள்; மக்களிடமிருந்து விலகி, கோப்புகளுக்குள் உட்கார்ந்து ஆட்டிவைப்பவர் என்ற குத்தல் அதில் இருக்கிறது.

ஒரு கூட்டத்துக்கே மையமான ஆளைக் குறிக்கும் கிங்பின் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நேர்முகத் தேர்வில் ஒரு பையன், ஐந்து வருடத்தில் இந்தக் கம்பெனியின் கிங்பின் ஆவேன் என்றானாம். செய்தித்தாளைப் பிரித்துப் பாருங்கள் தம்பி. போதைப்பொருள் கடத்தல் செய்திகளில்தான் அந்தச் சொல் அதிகம் வரும்.

சரி, என்ன செய்வது? மெயிலில் பெயரையும் பதவியையும் எழுதுங்கள். மொத்தமாகக் குறிக்க வேண்டுமா, 'சீனியர் லீடர்ஸ்', 'டிஸ்டிங்விஷ்ட் கெஸ்ட்ஸ்' போதும். புதுச் சொல் கிடைத்தால் ஆங்கிலம் கற்பவர்களுக்கான அகராதியைத் திறந்து, பொருளுக்கு முன்னால் சின்ன எழுத்தில் 'இன்ஃபார்மல்' (பேச்சுவழக்கு), 'டிஸ்அப்ரூவிங்' (பழிப்பு) என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதைப் படிக்காமல் தாண்டவே தாண்டாதீர்கள். அப்புறம், அந்தச் சொல்லால் யாரைக் குறிக்கிறீர்களோ அவரிடமே நேரில் சொல்ல முடியுமா என்று யோசியுங்கள். தயங்கினால் அழித்துவிடுங்கள்.

சொற்பட்டியல் வீடியோ போடும் ஆசிரியர்களே, உங்களை நம்பித்தான் சின்ன ஊர்ப் பிள்ளைகள் எழுதுகிறார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில், யாரிடம் சொல்லக்கூடாது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள், தயவுசெய்து.