இணைப்புத்திறனா, தொடர்பா?

"ஆல்சைமர் நோயாளிகளின் மூளையில் செயல்பாட்டு இணைப்புத்திறன் குறைகிறது." இந்த மாதிரி வாக்கியத்தை எத்தனை முறை படித்துவிட்டேன்! போன வாரம் நண்பர் ஒருவர், தாயாருக்கு இந்த நோய் இருப்பவர், இதைப் படித்துவிட்டு என்னிடம் கேட்டார்: "அறுந்துபோன இணைப்பை ஆபரேஷன் செய்து சேர்க்க முடியுமாங்க?" அவர் மேல் ஒரு தவறும் இல்லை. சொல் அப்படி.

'இணைப்புத்திறன்' என்று நாம் பெயர்க்கும் 'கனெக்டிவிட்டி' என்ற ஆங்கிலச் சொல் லத்தீன் வழி வந்தது. 'நெக்டெரே' என்றால் கட்டு, முடிச்சிடு. முன்னால் உள்ள 'கோன்' சேர்த்து என்ற பொருள் தருவது. ஆக, சேர்த்துக் கட்டுதல். வேர்ப்பொருளைப் பார்த்தால் 'இணைப்பு' பொருந்தும்தான். ஆனால் மூளை ஆய்வாளர்கள் இந்தச் சொல்லை இரண்டு வேறு பொருளில் ஆள்கிறார்கள். ஒன்று, நரம்பிழைகள் ஓடும் வழி. அதற்கு 'இணைப்பு' என்றே சொல்லலாம். மற்றது, 'செயல்பாட்டு இணைப்புத்திறன்' என்று நம் மொழிபெயர்ப்புகள் குழப்பும் 'ஃபங்ஷனல் கனெக்டிவிட்டி'.

1995-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மருத்துவக் கல்லூரியில் பரத் பிஸ்வாலும் உடன் பணியாற்றியவர்களும் எம்ஆர்ஐ கருவிக்குள் ஆட்களைச் சும்மா படுக்கவைத்துப் பார்த்தார்கள். கையைக்கூட அசைக்கவில்லை. ஆனாலும் மூளையில் கை அசைவை ஆளும் இடப்பகுதியின் சமிக்ஞையும் வலப்பகுதியின் சமிக்ஞையும் மெதுவாக, ஒரு சுற்றுக்குப் பத்து விநாடிக்கும் மேல் எடுத்துக்கொண்டு, சேர்ந்தே ஏறி இறங்கின. இந்த ஒத்த ஏற்ற இறக்கத்துக்குத்தான் அந்தப் பெயர். கண்டது கம்பியை அல்ல, உறவை. மூளையின் இரு அரைக்கோளங்களையும் பிணைக்கும் பெரும் நரம்புக்கட்டு இல்லாமலே பிறந்தவர்களிடமும் இந்த ஒத்திசைவு பெருமளவு இருக்கிறது. 'இணைப்பு' என்ற சொல்லை வைத்துக்கொண்டு இதை எப்படி விளக்குவது?

அடுத்தது 'திறன்'. ஆங்கிலச் சொல்லின் வாலில் 'இட்டி' வந்தால் உடனே 'திறன்' ஒட்டுவது நம் மொழிபெயர்ப்பாளர்களுக்குக் கைவந்த பழக்கம். உற்பத்தித்திறன் சரி, அங்கே திறன் உண்டு. இங்கே யாருடைய திறன்? அளந்தது இரண்டு பகுதிகளுக்கு இடையே உள்ள ஒப்புமையை. "இணைப்புத்திறன் குறைந்தது" என்றால், மூளைக்குச் சேர்க்கத் தெரியவில்லை என்று குற்றம் சொல்வதுபோல் இருக்கிறது.

நான் 'இயக்கத் தொடர்பு' என்பேன். 'தொடர்' என்ற வினையிலிருந்து பிறந்த சொல். குறள் 783 "பண்புடை யாளர் தொடர்பு" என்று நட்பையே அப்படிச் சொல்கிறது. உறையூர்க் கோப்பெருஞ்சோழனையும் பாண்டி நாட்டுப் பிசிராந்தையாரையும் நினைத்துப் பாருங்கள். நேரில் காணாமலே இருவருக்கும் ஒத்த உணர்வு. அதைத் தொடர்பு எனலாம், இணைப்பு என்று எவரும் சொல்லமாட்டார்கள். 'ஒத்தியக்கம்' என்றும் சிலர் எழுதுகிறார்கள். நல்ல சொல்தான், ஆனால் இரண்டும் எதிரெதிராக ஏறி இறங்கும்போது அது உதவாது. தொடர்பு அப்போதும் நிற்கும்.

2004-இல் மைக்கேல் கிரேசியஸ் குழு ஆல்சைமர் நோயாளிகளிடம் கண்டதும் இதைத்தான்: நினைவுக்கு இன்றியமையாத ஹிப்போகாம்பஸுக்கும், மூளையின் உட்புறத்தில் பின்பக்கமாக உள்ள பின் சிங்குலேட் பகுதிக்கும் இடையே இயக்கத் தொடர்பு குலைந்திருந்தது. இந்த நோயில் நரம்புச் சந்திப்புகளும் அழியத்தான் செய்கின்றன. ஆனால் இத்தகைய ஸ்கேன் காட்டுவது அதை அல்ல.

இதே ஆய்வுகளைத் தமிழில் தரும்போது 'காக்னிட்டிவ் டிக்ளைன்' என்பதை 'அறிவு வீழ்ச்சி' என்று வேறு எழுதுகிறார்கள். குன்றுவது அறியும் ஆற்றல். எண்பது வயதுத் தாய்க்கு அறிவு வீழ்ந்துவிட்டது என்று எழுத எப்படி மனம் வருகிறது? இலங்கைத் தமிழர் 'அறிகை' என்று அழகாகச் சொல்கிறார்கள், 'அறிகைத் தளர்வு' என்றால் போதுமே.

நண்பருக்கு அந்த வாக்கியத்தை இப்படி மாற்றி அனுப்பினேன்: "ஆல்சைமர் நோயில், சேர்ந்து இயங்கிவந்த மூளைப் பகுதிகளிடையே தொடர்பு தளர்கிறது." அவர் பிறகு ஆபரேஷனைப் பற்றிக் கேட்கவில்லை. எந்தெந்தப் பகுதிகள் என்று கேட்டார்.